எழுதினவர் சொல்லட்டும்

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களின் தகவல்களை அங்கங்கே அனுப்பிவைக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு வழிகாட்டிகள் இருந்தார்கள். பெரியவர் ஸ்டேட்டிக்கின் வழியை இன்ஜினியரே கைப்பட எழுதியிருந்தார். அதனால் எந்தத் தகவலும் அவரிடம்தான் முதலில் வழி கேட்கும். சின்னவன் டைனமிக், அக்கம்பக்கத்துப் பெட்டிகளிடம் எந்த வழி திறந்திருக்கிறது என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருப்பான்.

"அண்ணே, மூணாவது மாடிக்கு அந்தாண்ட கேபிள் அறுந்துபோச்சு. ரத்த ரிப்போர்ட் ஒண்ணும் டாக்டர்கிட்ட போய்ச் சேரல. ரெண்டாவது மாடி வழியா அனுப்புங்க," என்றான் ஒருநாள்.

ஸ்டேட்டிக்குக்குச் சுருக்கென்றது. ஊர்வம்பு கேட்டுத் திரிகிறவன் பேச்சுக்கு மாறுவதா?

"எழுதினவர் சொல்லட்டும், மாத்திக்கிறேன்."

டைனமிக் உடனே இன்ஜினியருக்குச் சேதி அனுப்பினான். அது ஸ்டேட்டிக்கிடம் வந்து வழி கேட்டது.

"மூணாவது மாடி வழியாப் போ," என்றார் அவர், வழக்கம்போல.

சாயங்காலம்வரை பதில் இல்லை.

"பார்த்தியா? அவரே ஒண்ணும் சொல்லல," என்றார் ஸ்டேட்டிக்.