முந்நூறாவது மணி நேரம்

299 மணி 47 நிமிடம்.

பத்து மணிக்கு அழைப்பு. இப்போது ஒன்பது நாற்பது. இன்னும் பதிமூன்று நிமிடம் பார்த்துவிட்டால் முந்நூறு.

வீடியோவை ஓடவிட்டான். திரையின் மூலையில் எண்கள் நகர ஆரம்பித்தன.

முயலும் கரடியும் மராத்தியில் சண்டை போட்டன. எதற்குச் சண்டை என்று இப்போது அவனுக்குத் தெரியும். குடைக்காக. முதல் மூன்று மாதம் கேரட்டுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பார்த்த நேரத்துக்குக் கணக்கு வைப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட். மீடியா பிளேயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வீடியோ ஓடினால் எண்ணும். நிறுத்தினால் நிற்கும். மூடினால் தேதி போட்டு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருந்தான். முந்நூறு மணி நேரம் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பேசுவது பிடிபட்டுவிடும் என்று சொன்னதும் அதே ஆள்தான்.

அதுவரை மராத்தியில் வாயைத் திறப்பதில்லை என்று இவன் வைராக்கியமாக இருந்தான்.

குக்கர் விசில் அடித்தால் எண்களை நிறுத்திவிட்டுத்தான் எழுந்து போவான். பார்க்கும்போதே கண் அசந்துவிட்டால், விழித்ததும் கோப்பைத் திறந்து அந்த நிமிடங்களை அழிப்பான். யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் மனசு ஒப்பாது.

பம்ப் கம்பெனியில் பக்கத்து மேஜை மயில்சாமி ஒரு மதியம் எட்டிப் பார்த்துவிட்டான்.

“ஏனுங்க, பொம்மைப் படம் பாக்கறதுக்குக்கூட மீட்டருங்களா?”

சிரித்து மழுப்பினான்.

மனைவி மேதாவோடு ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் அவன். அவள் தன் அம்மாவிடம் போனில் மணிக்கணக்கில் மராத்தி பேசுவாள். இவன் அதே சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். கோயமுத்தூருக்கு வந்த இரண்டே வருடத்தில் அவள் தமிழ் பேசினாள். இவனுக்குப் பத்து வார்த்தைகூட வரவில்லை. முயற்சி செய்யவில்லை என்பதுதான் உண்மை. நினைத்தால் தன்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிரிந்தபோது மகள் அவனிக்கு நாலு வயது. சரியான வாயாடி. தூங்கும்வரை தமிழில் பொரிந்து தள்ளுவாள்.

இப்போது ஏழு. நாசிக்கில் அம்மாவோடு இருக்கிறாள். மராத்திப் பள்ளிக்கூடம், மராத்திப் பிள்ளைகள்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் வீடியோ அழைப்பு. வக்கீல்களை வைத்துப் பேசி முடித்தது அது. அவளுடைய தமிழ் வாரா வாரம் தேய்ந்து, சாப்ட்டேன், நல்லா இருக்கேன், சரிப்பா என்ற மூன்றில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏதாவது கேட்டால் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா மராத்தியில் சொல்லிக் கொடுப்பாள்.

பெற்ற பெண்ணிடம் பேச நடுவில் ஓர் ஆள்.

300 மணி 0 நிமிடம்.

முகம் கழுவி வந்தான். நல்ல சட்டையாக ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டான். இன்று மராத்தியில் பேசப் போகிறான். என்ன விளையாட்டு விளையாடுகிறாய், யார் யார் உன் சினேகிதிகள் என்று கேட்கப் போகிறான். அவள் வாயைப் பிளக்கப் போகிறாள்.

பத்து அடித்தது. திரையில் அவனி வந்தாள். ஒரு பக்கச் சடை அவிழ்ந்து தொங்கியது.

“சாப்ட்டியா கண்ணு?”

“சாப்ட்டேன்.”

“ஒடம்பு நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கேன்.”

அந்தப் பக்கம் கீழே பிள்ளைகள் மராத்தியில் கத்தினார்கள். அவள் பெயரைச் சொல்லி, சீக்கிரம் வா, உன்னை விட்டுவிட்டு ஆட ஆரம்பிக்கப் போகிறோம் என்றார்கள். அவனுக்கு அத்தனையும் புரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அதற்குள் அவனி தலையைத் திருப்பி, மராத்தியில் கேட்டாள்.

“அம்மா, பத்து நிமிஷம் ஆயிடுச்சா?”

சமையலறையிலிருந்து மேதாவின் குரல், அதுவும் மராத்தியில்.

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. அப்பா பாவம். கொஞ்சம் பேசு.”

ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவனி மறுபடி அவன் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.



“கண்ணு, அப்பாவுக்கு அவசரமா ஒரு வேலை வந்துருச்சு. இன்னைக்கு இது போதும். வெச்சிரட்டுமா?”

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. மறைக்கத் தெரியாத வயது.

“சரிப்பா.”

போனைச் சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். அழைப்பைத் துண்டிக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

திரையில் மின்விசிறி சுற்றியது. சமையலறைப் பக்கமிருந்து மேதாவின் மராத்தி கேட்டது.

“அதுக்குள்ள ஏன் வெச்சிட்டே?”

“அப்பாவுக்கு வேலையாம்.”

“ஞாயித்துக்கிழமையா?”

கதவு சாத்தும் சத்தம். படிகளில் அவள் இறங்கி ஓடும் சத்தம்.

அவனே துண்டித்திருக்கலாம். அந்த வீட்டிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை காதில் விழாதா என்று உட்கார்ந்திருந்தான்.

யாரோ போனை எடுத்தார்கள். மேதா.

அவனையே பார்த்தாள். பிரிந்த பிறகு அவள் அவனை நேராகப் பார்த்ததே கிடையாது. பிறகு மெல்ல, மராத்தியிலேயே கேட்டாள்.

“நாங்க பேசினது உனக்குப் புரிஞ்சுதா?”

ஆமாம் என்று சொல்லத்தான் இத்தனை நாளும் உட்கார்ந்து படித்தான். அந்த மொழியில் ஆமாம் என்பது எத்தனை சின்ன வார்த்தை.

சொன்னால் பிள்ளைக்குத் திட்டு விழும்.

“தமிழ்ல சொல்லு மேதா,” என்று சிரித்தான். “எனக்கு எங்க மராத்தி புரியப்போகுது.”