நாலாவது பாட்டில் ஒரு அடி தாமதம்

அந்த நால்வர் குழு வாசித்தது டூம் டெத் மெட்டல். சாவைப் பற்றி, சாகிற வேகத்திலேயே, அடித்தொண்டையில் உறுமுகிற சங்கீதம். முதல் ஆல்பத்தில் மொத்தம் ஐந்தே பாட்டு. ஆனால் எழுபத்திரண்டு நிமிடம்.

மாதிரிப் பதிவைக் கேட்க உட்கார்ந்த இசைக் கம்பெனிக்காரர் மூன்றாவது நிமிடத்தில் எழுந்துவிட்டார். "இதை முழுசாக் கேட்ட ஒரே ஒரு மனுஷனைக் காட்டுங்க, மறுநாளே வெளியிடறேன்" என்று கும்பிடு போட்டு அனுப்பினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடகரின் மனைவியே இரண்டாவது பாட்டில் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போனாள். அன்று அவர்கள் வீட்டில் பாலே வாங்கவில்லை.

இருந்தாலும் குழு மனம் தளரவில்லை. ஒரு மதிய வேளையில் தங்கள் மாடி அறையில், எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் மொத்த ஆல்பத்தையும் வாசித்துப் பதிவு செய்து முடித்தார்கள்.

அதே மதியம்தான் கீழே இருந்த கடிகாரக் கடையில் திருட்டு நடந்தது.

கடைக்காரர் பாடகருக்கு அக்கா புருஷன். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவர், எழுந்து பார்த்தால் மேஜைமேல் வைத்திருந்த தங்கப் பாக்கெட் கடிகாரத்தைக் காணோம். நேராகப் போலீசுக்குப் போனார்.

"மாடியில இருந்த நாலு பேரைத் தவிர அங்க ஈ காக்கா கிடையாது சார். மச்சான்னு பார்க்காதீங்க, உள்ள தள்ளுங்க!"

பாடகருக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, நாங்க நாலு பேரும் வாசிச்சுட்டுத்தானே இருந்தோம்? பதிவு இருக்கு, கேட்டுப் பாருங்க."

"அதுக்கு அந்தக் கடிகாரம் போனாலே தேவலை" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் அப்படிப்பட்டவர் அல்ல. எடுத்த வழக்கை அரைகுறையாக விட்டதாக அவர் மீது இதுவரை ஒரு புகாரும் இல்லை. பதிவை வாங்கிக்கொண்டு, ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக உட்கார்ந்தார். துணைக்கு உட்கார்ந்த கான்ஸ்டபிள் இரண்டாம் நாளே மருத்துவ விடுப்பு கேட்டார், கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் இருவரும் மாடிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டரின் கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"கிடார் ரெண்டும் நிக்கவே இல்ல. உறுமலும் நிக்கல. ஆனா தம்பி, உன் டிரம்மு?" என்று டிரம்மரைப் பார்த்தார். "ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருபத்து மூணு செகண்ட்! அதுக்குள்ள ஒருத்தன் டீ குடிச்சுட்டே வந்துடலாம்."

டிரம்மர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இவரைப் படியில ஓட விட்டுப் பார்த்தேன்" என்று கான்ஸ்டபிளைக் காட்டினார். "கீழ இறங்கி, மேஜையைத் தொட்டுட்டு, திரும்பி வர இருபத்தஞ்சு செகண்ட். உங்க ஆல்பத்துல நாலாவது பாட்டு, ஒன்பதாவது நிமிஷம், ஒரே ஒரு அடி ரெண்டு செகண்ட் தாமதமா விழுது."

"அடப்பாவி!" என்று பாடகர் அலறினார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அலறியது எல்லோருக்கும் புரிந்தது. "நாங்க கண்ணை மூடிட்டுத்தான் வாசிப்போம் சார். இவன் எழுந்து போனதையே பார்க்கலையே!"

டிரம்மர் குனிந்து பெரிய டிரம்முக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "மேற்படி ஆல்பத்தை முதலிலிருந்து இறுதிவரை நான்கு முறை கவனமாகக் கேட்டதில்..."

"அஞ்சாவது பாட்டுமா சார்?" டிரம்மர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அதையும்தான். கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டாச்சு. குறைஞ்சது ஆறு மாசம் உள்ள இருக்கணும், தெரியுமில்ல? அந்த ஒரு அடி மட்டும் தப்பாம இருந்திருந்தா உன்னை நான் பிடிச்சிருக்கவே முடியாது."

டிரம்மர் கண்களைத் துடைத்துக்கொண்டு, விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பதினாறு வருஷமா அடிக்கிறேன் சார், தெரியாமலா தாளம் தப்புவேன்? அந்த அறிக்கையில ஒரு காப்பி மட்டும் கம்பெனிக்காரருக்கு அனுப்பிடுங்க!"