தட்டிப் பார்க்கும் தொட்டி

ஊருக்கே தண்ணீர் கொடுத்த பழைய இரும்புத் தொட்டி, வேலை ஓய்ந்தபின் பூங்கா நடுவில் நினைவுச்சின்னமாக நின்றது. செடிகளுக்குத் தண்ணீர் விட அதன் காலடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வைத்திருந்தார்கள்.

"உனக்கு வருஷா வருஷம் பெயிண்ட், சுத்தி வேலி, பேர் எழுதின பலகை. உன்னோட செல்ஃபி எடுக்கிறவங்க, நான் படத்துல விழுந்துடக் கூடாதுன்னு தள்ளி நிக்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது" என்றது கறுப்புத் தொட்டி.



அப்போது தோட்டக்காரி தவமணி வந்தாள். கையிலிருந்த துடைப்பத்தை இரும்புத் தொட்டியின் காலில் சாய்த்துவிட்டு, விரலை மடக்கிக் கறுப்புத் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தாள். சத்தம் மாறிய இடத்தில் கை நின்றது.

"பாதிக்கு மேல இருக்கு. இன்னைக்கு ஓடிடும்" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் இரும்புத் தொட்டி வாயைத் திறந்தது.

"என்னையும் ஏணி போட்டு ஏறி வந்து தினமும் இப்படித்தான் தட்டிப் பார்த்தாங்க. இப்ப அவ உன்னைத் தட்டுறப்பல்லாம், நீ விரிசல் விட்டுப் போகணும்னு வேண்டிக்கிறேன்."