ஆறு கைப்பிடி

லூர்துசெல்வியின் அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்ததும் ஜோவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மாசமும் பாரு மெரின். இதக் குடுக்க எப்படித்தான் மனசு வருதோ."

பக்கத்து வீட்டு மெரின் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "கால் கிலோ தேறினா அதிகம்க்கா."

ஜோவிதா அந்தத் தெரு அன்பியத்தின் தலைவி. தெருவிலுள்ள இருபது கத்தோலிக்க வீட்டாரும் மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். அதோடு ஒரு தர்மமும் உண்டு. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். சேர்ந்ததை மாதக் கடைசியில் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால் அது நாலு ஏழை வீடுகளுக்குப் போகும்.

"நம்ம சோத்துலேருந்து எடுத்துக் குடுக்கணும். அதுதான் ஆண்டவருக்குப் பிடிக்கும்" என்று ஜோவிதா ஒவ்வொரு கூட்டத்திலும் உருகிப் பேசுவாள்.

பேசலாம். காலையில் ரெண்டு பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற அவசரத்தில் கைப்பிடி யாருக்கு ஞாபகம் இருக்கும்? கூட்டத்துக்கு வருகிற வழியில், கடையில் இருப்பதிலேயே மலிவான அரிசியாகப் பார்த்து ரெண்டு கிலோ வாங்கி வந்துவிடுவாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். முப்பது கைப்பிடி எப்படிச் சொல்லிவைத்த மாதிரி ரெண்டு கிலோ ஆகிறது என்று அந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

லூர்துசெல்வியின் பை மட்டும்தான் மாதாமாதம் இப்படி இளைத்து வரும்.

"வீட்டுக்காரரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. அவரு தவறி மூணு வருஷமாச்சி, பென்ஷன் இன்னும் பிரான்ஸ்லேருந்து வருது. பையன் ரிச்சர்டும் அங்கதான் இருக்கான். இவங்களுக்கு என்னடி குறைச்சல்?" என்றாள் ஜோவிதா.

"நேரா கேட்டுடுங்கக்கா."

"கேக்கத்தான் போறேன். தனியா இருக்கறவங்களாச்சே, சிரமம் குடுக்க வேணாம்னு கூட்டத்தக்கூட அவங்க வீட்ல வெக்காம விட்டு வெச்சிருக்கோம். அந்த நன்றியாவது இருக்கணுமில்ல?"

சொன்னாளே தவிர, உடனே போக முடியவில்லை. மாதம் பிறந்து, ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் வீட்டிலிருந்து லூர்துசெல்வி வீடு ஐந்தாவது வீடு. என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

அழைப்பு மணியில் வைத்த விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது.

"வாம்மா ஜோவிதா! உள்ள வா, உள்ள வா." லூர்துசெல்விக்கு அறுபத்தாறு வயது. அவசரமாக முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள்.

"உக்கார நேரமில்லம்மா. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"எல்லாரும் ரெண்டு ரெண்டு கிலோ குடுக்கறாங்க. உங்க பையில கால் கிலோகூட இல்ல. தினம் ஒரு கைப்பிடி எடுத்து வெக்கறதுல உங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது? ஆண்டவரு பாத்துக்கினுதானே இருக்காரு?"

லூர்துசெல்வியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஐயோ, ஒரு வாட்டிகூட தவறலம்மா. அரிசி களையறதுக்கு முன்னாடி சிலுவை போட்டு, கைப்பிடிய எடுத்து டப்பாவுல போட்டுட்டுதான் மறுவேலை."

"அப்ப மாசம் முழுக்க அவ்ளோதானா?"

"ஆறு கைப்பிடி. போன மாசம் ஆறு வாட்டிதாம்மா உலை வெச்சேன்."

ஜோவிதாவுக்கு விளங்கவில்லை. "மத்த நாளெல்லாம்?"

"ரொட்டி வாங்கிக்கறேன். டீயில தொட்டுக்கினா முடிஞ்சி போச்சி. ஒருத்திக்கு வடிச்சா மீந்துதான் போவுது, வீணாக்கக் கூடாதில்ல?" சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "அதுமில்லாம, சோத்தப் போட்டுக்கினு எதிர்ல ஆளில்லாம உக்காந்தா, தொண்டையில எறங்க மாட்டேங்குதும்மா."

ஜோவிதா காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"கடையில பத்து கிலோ வாங்கிக் குடுத்துட என்னால முடியும். ஆனா அது கைப்பிடி ஆவாதே! நம்ம சோத்துலேருந்து எடுக்கணும்னு நீதான சொன்ன. நான் ஏமாத்தலம்மா."

ஜோவிதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, "அந்த ஆறு நாளு மட்டும் எப்படிம்மா?" என்றாள்.

அவ்வளவுதான், லூர்துசெல்வி முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"கீரை விக்கிற கொளஞ்சி மூணு நாளு வந்தா. வெயிலாருக்குது, உக்காந்து ஒரு வாய் சாப்ட்டுப் போன்னேன். ஒரே ஒரு பீர்க்கங்காதான் வீட்ல இருந்தது. காயக் கூட்டு வெச்சி, தோலத் தொவையல் அரைச்சிட்டேன். மறுசோறு வாங்கி சாப்ட்டா! கொழா ரிப்பேர் பண்ண வந்த தம்பிக்கு ரெண்டு நாளு. அப்பறம் கணக்கெடுக்க வந்த பொண்ணு ஒண்ணு. ஆறாச்சா?"

ஆறு ஆயிற்று.

அந்தக் கணக்கில் தெருவிலுள்ள இருபது வீடுகளில் ஒரு வீட்டுப் பெயர்கூட இல்லை. லூர்துசெல்வி கணவரின் அடக்கத்துக்கு வந்த பிறகு இந்த வாசற்படியைத் தான் தாண்டியது இன்றைக்குத்தான் என்பது ஜோவிதாவுக்கு உறைத்தது. அதுவும் சண்டைக்கு. வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லூர்துசெல்வி அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ வந்தது ஆண்டவர் கிருபை. இந்த மாசத்துக்கு இதாம்மா மொதக் கைப்பிடி."

அன்றைக்குத் தேதி பதினேழு.