இன்றிரவு போகும் படம்

இரண்டாயிரத்து நான்கா ஐந்தா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் என்பது சரி. "மெதுவா பேசுங்கய்யா, அவரு உள்ள படுத்திருக்காரு" என்று பெரியாயி வாசலிலேயே சொன்னதும் சரி.

படம் எடுக்க வந்திருந்த தர்மராசா குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைக் கண்டதும், கமெராவைப் பாதி பைக்குள் தள்ளினார். போன தடவை அவள் புருஷன் சிவஞானம் இதே வாசலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றிருந்தான். "எம் புள்ளய படம் புடிச்சு வெள்ளக்காரன் பாக்கத் தொங்கவிடப் போறியா? எறங்குய்யா கீழ!"

"நேற்றும் குடிச்சவரோ?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லைங்க."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்ததால், லயத்து வீட்டு வரிசை ஆளற்றுக் கிடந்தது. வழக்கமாக இங்கே யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் பிளேன்டீ வந்துவிடும். அன்று அடுப்பில் நெருப்பே இல்லை. புருஷன் விழித்துவிடுவான் என்ற பயத்தில் மூட்டவில்லை போலும் என்று தர்மராசா நினைத்துக்கொண்டார்.

தர்மராசாவுக்குப் பதுளையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. அவர்கள் இணையத்தளம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நோர்வேயிலும் கனடாவிலும் இருப்பவர்கள் ஒரு முகத்தைப் பார்த்து, அதன் கீழே நாலு வரி வாசித்து, அங்கிருந்தபடியே பணம் அனுப்பினார்கள். எந்த முகத்தில் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்பது அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டிருந்தது. தகப்பன் உள்ள பையன் ஒருவனின் பக்கம் ஐந்து மாதமாக அப்படியே கிடந்தது. தகப்பனை இழந்த ஒரு பிள்ளைக்கு ஒன்பதே நாளில் எல்லாம் சேர்ந்துவிட்டது.

பெரியாயியின் மகள் மதுஷாவுக்கு எட்டு வயது. இதயத்தில் ஓட்டை; ஒப்பரேஷனுக்குப் பணம் வேண்டும். பள்ளிக்கூடச் சட்டையோடு தண்ணீர் விழும் பீலியடியில் நின்றவளின் உதடுகள் நீலம்பாரித்திருந்தன.

மாதம் ஒரு தடவை ஆதரவாளர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். இன்று இரவு போகிறது. இதில் ஏறாத பிள்ளை அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். மதுஷாவுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பொட்டை அழிச்சுப்போட்டு நில்லுங்கோ. தாலியையும் சட்டைக்குள்ள விடுங்கோ." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தகப்பன் இல்லாத பிள்ளை எண்டு எழுதினாத்தான் காசு கெதியாச் சேரும்."

பெரியாயி தாலியை எடுத்துச் சட்டைக்குள் விட்டாள். மேலே மலையில் யாரோ யாரையோ கேலி செய்ய, பெண்கள் சிரிப்பது மட்டும் கேட்டது.

"பொட்டு இன்னைக்கு ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமேய்யா."

"வெள்ளிக்கிழமை எண்டு எனக்கும் தெரியும். நான் என்ன செய்யிறது? மெயில் இண்டைக்குத்தானே போகுது."

அவள் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். நெற்றி முழுக்கச் சிவப்பு இழுபட்டது. அதையும் துடைத்தாள்.

மதுஷா மெல்ல நடந்துவந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, அப்பா இன்னும் எந்திரிக்கலையா?"

"பேசாம நில்லு. ஐயா படம் புடிக்கிறாருல்ல."

மூன்று படங்கள் எடுத்தார். மூன்றாவதைக் கமெராவின் சின்னத் திரையில் பார்த்தார். இருபது வருட வேலையில் ஒரு பொய்க் கையெழுத்துக்கூட அவர் போட்டதில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'தகப்பன் உயிருடன் இல்லை' என்று எழுதினார். பேனை இரண்டு தரம் நின்று நின்று எழுதியது.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பெரியாயி அவரோடு லயத்தின் கடைசிக் காம்பராவரை நடந்துவந்தாள்.

"படம் இன்னைக்கே போயிருமுங்களா?"

"ஆறு மணிக்கு முதல் ஏத்திப்போடுவன்."

"அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யாரும் வந்து வேணாம்னு நிப்பாட்ட மாட்டாங்களே?"

"ஒருத்தராலையும் ஏலாது."

"அப்ப சரிங்க. இனி நான் மலைக்கு ஆள் விட்டுச் சொல்லலாம்."

என்ன சொல்ல வேண்டும் என்பது தர்மராசாவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. அவர் மனது அந்த ஒரு வரியிலேயே நின்றிருந்தது.

"தங்கச்சி, இந்தப் பொய் என்ர பொய். நல்லா இருக்கிற மனுசனைப் பேனையால சாகடிச்சுப்போட்டன். பாவம் எனக்குத்தான், உங்களுக்கில்லை. அவர் எழும்பிச் சண்டை பிடிச்சா என்ர பேரைச் சொல்லுங்கோ."

பெரியாயி அவரைத் தேற்றுவதுபோல மெல்லத் தலையாட்டினாள்.

"நீங்க பொய் எழுதலய்யா. அவரு விடியக்காலம்பறவே செத்துட்டாரு."