அக்கா அடக்கிய மூச்சு

“மூச்சு விடாதே! விட்டே, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்!”

அக்கா வீட்டுக் கதவைத் தட்டப் போன தங்கையின் கை அப்படியே நின்றது. உள்ளே அத்தானின் குரல்தான்.

“விட்டுட்டியே! ஒரு பேச்சு கேட்கமாட்டியா? சரி, மறுபடியும்!”

மனுஷனா இவர்? பித்தக் குழாயில் கிளம்பி, கல்லீரலுக்குள் சட்டமாக உட்கார்ந்துகொண்ட புற்றுநோய் அக்காவுக்கு. போன வருஷம்தான் வயிற்றைத் திறந்து கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருப்பதில் இப்போது இன்னொரு கட்டி. அவளைப் போய் இப்படி அதட்டுகிறாரே!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். வலது கை தலைக்கு மேலே. வாய் இறுக மூடியிருந்தது. பக்கத்தில் அத்தான், கையில் ஸ்டாப்வாட்ச்.

“என்ன அத்தான் நடக்குது இங்கே?”

“உஷ்! பேசாதேம்மா, அவ சிரிச்சுடுவா.”

அக்கா புஸ்ஸென்று சிரித்துவிட்டாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“கெடுத்தியா காரியத்தை! இவளுக்கு நாளன்னிக்கு சிகிச்சை. மறுபடி வயித்தைக் கிழிச்சா உடம்பு தாங்காதாம். அதனால ஊசி. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே தோல் வழியா நேரா கட்டிக்குள்ள நீளமா ஒரு ஊசியை விட்டு, அதோட நுனியில சூடேத்தி, கட்டியை இருக்கிற இடத்துலயே பொசுக்கிடுவாங்க. கத்தியே கிடையாது!”

“அதுக்கு எதுக்கு இவ மூச்சை அடக்கணும்?”

“கட்டி கோலிக்குண்டு அளவுதாம்மா. மூச்சு விட்டா கல்லீரல் மேலயும் கீழயும் ஆடும். குறி தப்பிடாதா? ஊசி போறப்ப மூச்சு நிக்கணும்னு டாக்டரே சொன்னார். என் காதால கேட்டேன்.”

அத்தான் போட்டோ ஸ்டூடியோக்காரர். பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காருகிறவர்களை, ‘அசையாதீங்க, மூச்சை அடக்குங்க’ என்று மிரட்டி மிரட்டியே தலை நரைத்தவர். டாக்டர் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்தவுடன் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. “அசையாம இருக்க வைக்கிறதை என்கிட்ட விடுங்க டாக்டர்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்த கூத்து. எழுந்தவுடன் பயிற்சி, சாப்பாட்டுக்கு முன்னால் பயிற்சி. ஸ்டூடியோவுக்குப் போனாலும் விடமாட்டார், போனில் பயிற்சி.

“நீ ஏன்க்கா இவர் ஆட்டி வைக்கிறபடியெல்லாம் ஆடறே?” என்று அடுப்படியில் தங்கை பொரிந்து தள்ளினாள். “ஓய்வெடுக்க வேண்டிய உடம்பு!”

“விடுடி. நல்லதுக்குத்தானே” என்றாள் அக்கா.

சிகிச்சை நாளன்று ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடினார் அத்தான். “ஞாபகம் இருக்கில்ல? நிதானமா இழு, பாதி விடு, அப்படியே நிறுத்து. பதறாதே!”

அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே தங்கை இருப்புக்கொள்ளாமல் நடந்தாள். ஊசி குறி தப்பினால்? இதுவும் கைகொடுக்காவிட்டால்? திரும்பிப் பார்த்தால் அத்தான் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்!

“நீங்க எதுக்கு அத்தான் அடக்கறீங்க?”

“இந்நேரம் ஊசி போய்க்கிட்டிருக்கும்மா!”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் கதவு திறந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்த டாக்டரின் முகத்தில் சிரிப்பு.

“கட்டி முழுசும் பொசுங்கிடுச்சு! பாதுகாப்புக்குச் சுத்தி ஒரு விளிம்பும் சேர்த்தே எரிச்சாச்சு. இனிமே அடிக்கடி ஸ்கேன் பார்த்துக்கணும். ஆனா இன்னிக்கு நிம்மதியா இருங்க. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.”

தங்கைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அத்தான் துள்ளிக் குதிக்காத குறை. டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மூச்சை நல்லா அடக்கினாளா டாக்டர்?”

டாக்டர் ஒரு கணம் விழித்தார். “ம்... பிரமாதமா!”

போதாதா? ஊருக்கெல்லாம் சொல்ல அத்தான் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். தங்கை டாக்டரைப் பார்த்தாள்.

“முழு மயக்கத்துல இருக்கிறவங்க எங்கேம்மா மூச்சை அடக்கறது?” என்றார் அவர் மெதுவாக. “மூச்சு விட வைக்கிறதே மெஷின்தான். ஊசி போற நேரம் அதை நாங்களே நிறுத்தி வைப்போம்.”

வந்ததே கோபம் தங்கைக்கு! அத்தனை பயிற்சியும் வீண்! அக்காவுக்கு மயக்கம் தெளிந்து, பேசத் தெம்பு வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டு உடைத்தாள்.

“அரைகுறையா கேட்டுட்டு வந்து உன்னை எப்படிப் படுத்தி எடுத்திருக்கார் பாருக்கா!”

அக்கா அசரவே இல்லை.

“தெரியும்டி. டாக்டரைப் பார்த்த அன்னிக்கே, அவர் வண்டி எடுக்க வெளியே போனதும், மயக்கம் குடுத்துடுவோம்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார்.”

“தெரிஞ்சுமா?”

விலாவில் ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்திரியை அக்கா தடவிக்கொண்டாள். வெளியே வராந்தாவில் அத்தானின் குரல் கணீரென்று கேட்டது. ‘எல்லாம் நான் குடுத்த பயிற்சி! ஒரு துளி அசையலையாமே!’

“போன ஆபரேஷன் சமயத்துல சோறு தண்ணி இல்லாம, சுவத்தையே வெறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன்டி அவர்” என்றாள் அக்கா. “இந்தத் தடவை அவர் கையிலயும் ஒரு வேலை இருக்கட்டும்னுதான் மூச்சை அடக்கினேன்.”