ஏழாவது படி

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து பதினான்கு இரும்புப் படிகளிலும் ஏறி நிற்கிறது. மிதித்தால் படிக்கொரு சுரம் பாட வேண்டும் என்பது இந்த வீட்டை வடிவமைத்தவளின் கணக்கு. பாடாவிட்டால் நாளைக்கே இதைப் பிடுங்கிவிட்டு சிமெண்டுப் படி என்று வீட்டுக்காரர் சொல்லியாயிற்று. அவரும் மனைவியும் கீழே காத்திருக்க, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறாள். ஆறு படிகள் கணீரென்று பாடுகின்றன. ஏழாவது 'டொக்' என்கிறது. எல்லோரும் படிகளைப் பொருத்திய வெல்டரைப் பார்க்கிறார்கள். அவர் தன் கையுறையைப் பார்க்கிறார்.

"சுவர்ப் பக்கம் மட்டுந்தானே பத்தவைக்கச் சொன்னேன், அண்ணே? இந்த முனை சும்மா இருந்தாத்தானே பாடும்?" என்கிறாள் வடிவமைத்தவள்.

"ஆடுச்சும்மா. இருபத்தஞ்சு வருஷத்துல ஆடுற படிய விட்டுட்டு நான் வீட்டுக்குப் போனதில்ல. மனசு கேக்கல. இந்தப் பக்கமும் ஒரு பொட்டு வச்சிட்டேன்."

கிரைண்டரை எடுத்து அந்தப் பொட்டை அவரே அறுக்கிறார். பொறி பறந்து அடங்கியதும், கட்டவிழ்த்துவிட்ட கன்றுபோலப் படி சிலிர்க்கிறது. ஒற்றை விரலால் தட்டுகிறார். ஒலி கூரைவரை போய்த் திரும்பி வருகிறது. "இத்துனூண்டு இரும்புக்கு இவ்வளவு தொண்டையா" என்று முணுமுணுக்கிறார்.

வீட்டுக்காரர் ஏறுகிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். "முட்டி வலி, மாடியே வேண்டாம்னு சொன்னீங்களே" என்கிறாள் மனைவி. வெல்டர் சாமான்களை அள்ளிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, பையைத் தடவுகிறார்.

"ஸ்பேனர மேலயே வச்சிட்டேன் போல."

ஏற்கெனவே இரண்டு தடவை எதையோ மறந்ததாகச் சொல்லித் திரும்பியவர், மூன்றாவது தடவையாகவும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார். அவருடைய பின்பாக்கெட்டில் ஸ்பேனர் வெயில்பட்டு மின்னுகிறது.